43 டெம்ப்ளேட்டும் ஒரு பக்க ரெஸ்யூமேவும்

போன வருஷம் வேலை போனதும் நான் முதல்ல உக்காந்து செஞ்ச காரியம், ரெஸ்யூமே டெம்ப்ளேட் ஃப்ரீ டவுன்லோட்னு தேடினது. ஒன்பது வருஷம் ஒரே கம்பெனி, குடோன் டிஸ்பாட்ச்ல வேலை, வர்ற சரக்கு போற சரக்கு கணக்கு, வண்டிக்காரங்களோட பேச்சு, ராத்திரி பதினோரு மணிக்கு வர்ற போன், இதுலயே ஓடிடுச்சு, நடுவுல ரெஸ்யூமேன்னு ஒண்ணு தேவைப்படும்னே தோணல. கையில இருந்தது காலேஜ் முடிச்ச கையோட டைப் பண்ணது. அதுல இருந்த போன் நம்பரை நான் விட்டே ஆறு வருஷம் ஆச்சு.

தேட ஆரம்பிச்சா நிறுத்த முடியல. ஒண்ணு பாத்தா அதைவிட நல்லா இன்னொண்ணு இருக்கு, அதை டவுன்லோட் பண்ணா பக்கத்துலயே மூணு காட்டுது. மூணு வாரத்துல ஃபோல்டர்ல 43 டெம்ப்ளேட் சேந்துடுச்சு. மாடர்ன், கிளாசிக், மினிமல், கிரியேட்டிவ்னு பேர் வெச்சு பிரிச்சுகூட வெச்சேன். ராத்திரி படுக்கும்போது இன்னைக்கு வேலை தேடினோம்ங்கிற திருப்தி இருக்கும். ஆனா அந்த மூணு வாரத்துல என்னைப் பத்தி ஒரு வரிகூட நான் எழுதல. இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இப்ப இதைப் படிக்கிற யாராவது அதே இடத்துல உக்காந்திருக்கலாம். வேலை இல்லாத நேரத்துல டெம்ப்ளேட் தேடறது மனசுக்கு ரொம்ப இதமா இருக்கும், அதனாலதான் அதுல மாட்டிக்கிறோம்.

கடைசியா ஒண்ணைத் தேர்ந்தெடுத்தேன். இடது பக்கம் கருநீலப் பட்டை, அதுக்குள்ள வட்டமா போட்டோ, கீழ போன் மெயிலுக்கு குட்டி குட்டி படங்கள், அதுக்கும் கீழ எக்செல், எஸ்ஏபி, ஆங்கிலம்னு ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு புள்ளி, எவ்வளவு தெரியுமோ அவ்வளவு புள்ளியை நிரப்பணும். வலது பக்கம் வேலை அனுபவம். அதுக்குள்ள என் விஷயத்தை அடக்க ரெண்டு சாயந்திரம் ஆச்சு. ஒரு வரி கூடினா பட்டை ரெண்டாவது பக்கத்துக்கு ஓடும், ஒரு வரி குறைச்சா கீழ வெள்ளையா இடம் தெரியும். அந்த டிசைனுக்கு ஏத்த மாதிரி என் ஒன்பது வருஷத்தை வெட்டினேன். பிரிண்ட் எடுத்துப் பாத்தப்போ அழகா இருந்துச்சு, உண்மையாவே அழகு. எழுபது இடத்துக்கு மேல அனுப்பினேன். பதில் வந்தது ரெண்டே இடம், ரெண்டுமே இப்போதைக்கு இல்லைன்னு.

விஷயம் புரிஞ்சது ஒரு மத்தியானம். ஒரு கம்பெனி தளத்துல விண்ணப்பம் போடும்போது, ரெஸ்யூமேவை அப்லோட் பண்ணுங்க, மீதியை நாங்களே நிரப்பிக்கறோம்னு ஒரு பட்டன் இருந்துச்சு. அழுத்தினேன். வந்ததைப் பாத்து கொஞ்ச நேரம் கையே ஓடல. பேர் இருக்க வேண்டிய இடம் காலி. கடைசியா பாத்த வேலைங்கிற இடத்துல என் போன் நம்பர். கம்பெனி பேர் இருக்க வேண்டிய இடத்துல "எக்செல்"னு போட்டு பக்கத்துல நாலு கறுப்புப் புள்ளி ஒரு வெள்ளைப் புள்ளி. வேலை விவரத்துல "டிஸ்பாட்ச் கோஆர்டினேட்டர் ஆங்கிலம் 2015 முதல் தமிழ் தினசரி லோடு"ன்னு ஒரு வாக்கியம். இடது பட்டையில இருக்கிற வரியையும் வலது பக்கத்துல அதே மட்டத்துல இருக்கிற வரியையும் சேத்து, நேரா ஒரே கோடா படிச்சிருக்கு. பேரை நான் பக்கத்தோட மேல் ஓரத்துல தனியா இருக்கிற ஹெட்டர்ல போட்டிருந்தேன், அதை அது கண்டுக்கவே இல்ல. இதே ஃபைலைத்தான் எழுபது பேருக்கும் அனுப்பியிருக்கேன்.

அதுக்கப்புறம்தான் ஏடிஎஸ்னு சொல்றாங்களே, அது என்னன்னு ஒழுங்கா படிச்சேன். பெரிய கம்பெனிகள் வர்ற விண்ணப்பங்களை எல்லாம் வாங்கி அடுக்கி வைக்கிற சாஃப்ட்வேர். ஒர்க்டே, கிரீன்ஹவுஸ், ஆரக்கிள் 2012ல வாங்கின டலியோ, இப்படி நிறைய இருக்கு. இதைப் பத்தி பயமுறுத்தற பேச்சுதான் அதிகம், நாலுல மூணு ரெஸ்யூமேவை மனுஷன் கண்ணுக்கே காட்டாம மெஷின் தூக்கிப் போட்டுடும்னு ஒரு 75 சதவீதக் கணக்கு எங்க பாத்தாலும் சுத்துது. அந்த எண்ணுக்குப் பின்னால உருப்படியான ஆராய்ச்சி கிடையாது, பெரும்பாலும் டெம்ப்ளேட் விக்கிறவங்கதான் அதைச் சொல்றாங்க. பொதுவா நடக்கிறது என்னன்னா, சாஃப்ட்வேர் ரெஸ்யூமேவைப் பிரிச்சு பேர், வேலை, கம்பெனி, வருஷம், திறமைன்னு தனித்தனி பெட்டியில போட்டு வெச்சுக்கும், ஆள் தேடறவங்க அதுல தேடுவாங்க. ஒருத்தர் "டிஸ்பாட்ச்"னு போட்டுத் தேடும்போது என் பெட்டியில எல்லாம் இடம் மாறிக் கிடந்தா நான் எங்கயோ அடியில போயிடுவேன். நேரடியா வெளிய தள்ளறது பெரும்பாலும் விண்ணப்பத்துல கேக்கற கேள்விகள்தான், இங்க வேலை பாக்க அனுமதி இருக்கா, இத்தனை வருஷ அனுபவம் இருக்கா, லைசென்ஸ் இருக்கா, அந்த மாதிரி. அதுக்கு இல்லைன்னு டிக் பண்ணா அங்கயே முடிஞ்சிடலாம். டெம்ப்ளேட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

எல்லா சாஃப்ட்வேரும் என் ரெஸ்யூமேவைப் படிச்ச மாதிரி படிக்காது. புதுசா வந்ததுல பலதும் ரெண்டா பிரிச்ச பக்கத்தையும் ஓரளவு சரியாவே படிக்குது. ஆனா எந்தக் கம்பெனி எதை வெச்சிருக்குன்னு நமக்குத் தெரியாதே. அதனால ஒரு சின்ன சோதனை சொல்றேன், தயவு செஞ்சு இன்னைக்கே பண்ணிப் பாருங்க. உங்க பிடிஎஃப்பைத் திறந்து மொத்தத்தையும் செலக்ட் பண்ணி காப்பி எடுத்து நோட்பேட்ல ஒட்டுங்க. நோட்பேட்ல கலர் கிடையாது, கட்டம் கிடையாது, வெறும் எழுத்துதான். அதுல மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சா ஒரு மனுஷனுக்குப் புரியுதான்னு பாருங்க. பேர் முதல்ல வரணும், ஒவ்வொரு வேலையும் அதோட கம்பெனி வருஷத்தோட சேந்தே இருக்கணும். எழுத்தே செலக்ட் ஆகலைன்னா அந்த பிடிஎஃப் வெறும் படம், அதை அனுப்பாதீங்க. நான் வெச்சிருந்த 43ஐயும் இப்படி ஒரு நாள் முழுக்க உக்காந்து ஒட்டிப் பாத்தேன். உருப்படியா வந்தது பதினொண்ணு.

அந்த அனுபவத்துல எங்க எது கிடைக்கும்னு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். கூகுள் டாக்ஸ் உள்ள போனா டெம்ப்ளேட் கேலரியில ஸ்விஸ், செரிஃப், கோரல், ஸ்பியர்மின்ட், மாடர்ன் ரைட்டர்னு அஞ்சு ரெஸ்யூமே இருக்கும், காசு கிடையாது, ஆனா சிலதுல கோடு தெரியாத டேபிள் ஒளிஞ்சிருக்கும், அதனால நோட்பேட் சோதனை அதுக்கும் உண்டு. வேர்டுல புது ஃபைல் திறக்கிற இடத்துலயே ரெஸ்யூமேன்னு தேடினா வரிசையா வரும், படம் இல்லாத எளிமையான ஒண்ணை எடுத்துக்கிட்டா போதும். சாஃப்ட்வேர், ஆராய்ச்சி பக்கம் இருக்கறவங்க ஓவர்லீஃப்னு ஒரு தளத்துல லேடெக் (கட்டளை எழுதி பக்கத்தை அமைக்கிற முறை) டெம்ப்ளேட் எடுப்பாங்க, மாடர்ன்சிவின்னு ஒண்ணு ரொம்ப வருஷமா இருக்கு, லேடெக் ஏற்கெனவே தெரிஞ்சவங்களுக்கு அது சுகம், ரெஸ்யூமேவுக்காக மட்டும் புதுசா அதைக் கத்துக்க வேண்டாம்னுதான் சொல்வேன். ஐரோப்பாவுல விண்ணப்பம் போடறவங்களுக்கு யூரோபாஸ்னு ஐரோப்பிய யூனியனே 2005ல இருந்து நடத்தறது ஒண்ணு இருக்கு, 2020ல அதைப் புதுசா மாத்தினாங்க, இலவசம். லிங்க்ட்இன்ல ப்ரொஃபைல் ஒழுங்கா நிரப்பியிருந்தா அதை அப்படியே பிடிஎஃப்பா எடுக்கலாம், பாக்க சுமாரா இருக்கும், ஆனா அவசரத்துக்கு ஒரு பக்கம் கையில இருக்கும். கேன்வா மாதிரி டிசைன் தளத்துல கிடைக்கறது கண்ணுக்கு நிறைவா இருக்கும், டிசைன் வேலைக்குப் போறவங்க, நேர்ல கையில குடுக்கறவங்க, தெரிஞ்சவங்க மெயிலுக்கு அனுப்பறவங்க தாராளமா எடுக்கலாம். தளத்துல அப்லோட் பண்றதுக்கு வேற ஒண்ணு வெச்சுக்கங்க.

ஒரு வகை மட்டும் ஜாக்கிரதை. ஃப்ரீன்னு கூப்பிடும், ஒவ்வொரு கேள்வியா கேட்டு ஒரு மணி நேரம் நம்மளை எழுத வைக்கும், அழகா முன்னால காட்டும், டவுன்லோட் அழுத்தினா காசு கேக்கும். ரொம்ப சின்னத் தொகையாதான் கேக்கும், ரெண்டு வாரம் ட்ரையல்னு. கார்டு நம்பர் குடுத்தா ட்ரையல் முடிஞ்ச மறுநாள்ல இருந்து மாசாமாசம் பெரிய தொகையா எடுப்பாங்க. சம்பளம் இல்லாத மாசத்துல எனக்கு அது நடந்துச்சு. கேன்சல் பண்ற பட்டனைத் தேடவே ஒரு நாள் ஆச்சு. எந்த இடத்துலயும் எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி விலைப் பக்கத்தைத் தேடிப் படிங்க, அப்படி ஒரு பக்கமே கண்ணுல படலைன்னா திரும்பிடுங்க.

இதுவரைக்கும் சொன்னது பாதி விஷயம்கூட இல்ல. நோட்பேட் சோதனையில பாஸான டெம்ப்ளேட்டுக்கு மாறி இன்னும் இருபது இடத்துக்கு அனுப்பியும் எனக்கு ஒண்ணும் நடக்கல.

என்னோட பழைய கம்பெனியில எனக்கு சீனியரா இருந்த ஒரு அக்கா, இப்ப வேற இடத்துல ஆள் எடுக்கிற பொறுப்புல இருக்காங்க. கூச்சத்தை விட்டு அவங்களுக்கு போன் பண்ணேன். அக்கா, என் ரெஸ்யூமேவை ஒரு தடவை பாத்து சொல்றீங்களா, எந்த டெம்ப்ளேட் நல்லா இருக்கும்னு தெரியலன்னு கேட்டேன். அனுப்பச் சொன்னாங்க. அனுப்பி ஒரு நிமிஷம்கூட ஆகல, திரும்பக் கூப்பிட்டாங்க.

"டெம்ப்ளேட் இருக்கட்டும் தம்பி. இதுல நீ எங்கடா இருக்கே?"

எனக்குப் புரியல. அவங்களே படிச்சுக் காட்டினாங்க. "ரெஸ்பான்சிபிள் ஃபார் டெய்லி டிஸ்பாட்ச் ஆக்டிவிட்டீஸ். மெயின்டெய்ண்ட் ஸ்டாக் ரிப்போர்ட்ஸ். கோஆர்டினேட்டட் வித் டிரான்ஸ்போர்ட்டர்ஸ். இதை அந்த வேலையில இருக்கற யார் வேணா எழுதலாமே. உன்கூட வேலை பாத்த எனக்கே இதைப் படிச்சா நீதான்னு தெரியல. அந்த ஸ்டாக் டேலி விஷயத்தை நீதானே மாத்தினே, அது எங்க?"

அதை நான் எழுதவே இல்ல. எழுதற அளவுக்கு ஒரு விஷயமான்னே எனக்குத் தோணல.

நடந்தது இதுதான். எங்க குடோன்ல தினமும் சாயந்திரம் ஸ்டாக்கை சிஸ்டத்தோட ஒத்துப் பாக்கணும். பேப்பர்ல எழுதி வெச்சதை ஒருத்தர் படிக்க ஒருத்தர் டைப் அடிக்க மூணு மணி நேரம் ஆகும். நான் வந்து ரெண்டாவது வருஷம், ஒவ்வொரு ரேக்குக்கும் ஒரு ஷீட் போட்டு, காலையில இருந்தே எடுக்க எடுக்க அந்த இடத்துலயே எண்ணைப் போடற மாதிரி எக்செல்ல ஒண்ணு செஞ்சேன். சாயந்திரம் வித்தியாசம் வர்ற ரேக்கை மட்டும் போய் எண்ணினா போதும். நாப்பது நிமிஷத்துல முடிய ஆரம்பிச்சுது. நாலு பேர் சீக்கிரம் வீட்டுக்குப் போனாங்க. அதை நான் ஒரு திறமைன்னு நினைக்கல, தினசரி தொல்லை ஒண்ணு ஒழிஞ்சுதுன்னு மட்டும் நினைச்சேன்.

அக்கா அன்னைக்கு ஒரு மணி நேரம் ஸ்க்ரீன் ஷேர் பண்ணிக் காட்டினாங்க, பேர் எல்லாம் மறைச்சு. ஒரு வேலைக்கு வந்த விண்ணப்பங்களை அவங்க எப்படிப் பாக்கறாங்கன்னு. கண்ணு முதல்ல இப்ப பாக்கற வேலையோட பேர், கம்பெனி, எந்த வருஷத்துல இருந்து, அதுக்கு முந்தின வேலை, அப்புறம் படிப்பு. அவ்வளவுதான், அடுத்தது. லேடர்ஸ்னு ஒரு வேலைவாய்ப்புத் தளம் இதைக் கண்ணு எங்க எங்க போகுதுன்னு அளக்கிற கருவி வெச்சுப் பாத்திருக்காங்க, 2012ல ஒரு ரெஸ்யூமேவுக்கு 6 செகண்ட், 2018ல திரும்பப் பாத்தப்போ 7.4 செகண்ட்னு வந்துச்சு. அந்த 7.4ஐ வேதவாக்கா எடுத்துக்க வேண்டாம், அது மேலோட்டமா ஒரு கண்ணு ஓட்டற நேரம், பிடிச்சதை எடுத்து வெச்சு மறுபடி நிதானமா படிப்பாங்க. அக்காவும் அப்படித்தான் பண்ணாங்க. முதல் பார்வையில எடுத்து வெச்ச எட்டை, ரெண்டாவது தடவை ஒவ்வொரு வரியா படிச்சாங்க. அங்கதான் பெரும்பாலானது அவங்க கையை விட்டுப் போச்சு.

அன்னைக்கு நான் பாத்த ஒண்ணு மனசுலயே நிக்குது. மூணு பேரோட ரெஸ்யூமேவுல ஒரே வரி இருந்துச்சு, எழுத்துக்கு எழுத்து ஒண்ணு, அதுல வர்ற 35 சதவீதம்ங்கிற எண் உட்பட. மூணு பேரும் ஒரே உதாரண ரெஸ்யூமேவைப் பாத்து எழுதியிருக்காங்க. அக்கா அதுல ஒருத்தரை முன்னாடியே போன்ல கேட்டிருக்காங்க, 35 சதவீதம் எப்படி வந்துச்சு, சொல்லுங்கன்னு. அந்தப் பையன் கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, சாரி மேடம்னு சொல்லி வெச்சுட்டானாம். "நல்ல பையன்தான்டா, அவன் உண்மையா என்ன பண்ணான்னு எழுதியிருந்தா நான் எடுத்திருப்பேன்"னு அக்கா சொன்னப்போ எனக்கு அந்தப் பையனை நினைச்சு ரொம்ப சங்கடமா போச்சு. 2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்ததுக்கப்புறம் இது இன்னும் அதிகமாயிடுச்சாம். பத்து ரெஸ்யூமே படிச்சா பத்தும் ஒரே ஆள் எழுதின மாதிரி, ரிசல்ட்ஸ் ஓரியன்டட், டைனமிக், பேஷனேட்.

அங்கதான் எனக்கு டெம்ப்ளேட் வேற, உதாரணம் வேறன்னு பிரிஞ்சு தெரிஞ்சுது. டெம்ப்ளேட் வெறும் பாத்திரம், எதுல வேணா ஊத்தலாம். உதாரணம்னா இன்னொருத்தர் தன் வேலையை எப்படிச் சொல்லியிருக்கார்னு பாக்கறது, அதுல எடுத்துக்க வேண்டியது அவர் சொன்ன விஷயத்தை இல்ல, சொன்ன விதத்தை. நான் ரெண்டு மாசம் பாத்திரம் தேடியிருக்கேன்.

நல்ல உதாரணங்கள் கிடைக்கிற இடம் எனக்குத் தெரிஞ்சு முக்கியமா மூணு. அமெரிக்காவுல ஹார்வர்டு, எம்ஐடி மாதிரி பல்கலைக்கழகங்களோட வேலைவாய்ப்பு மையங்கள் தங்களோட மாணவர்களுக்காக ரெஸ்யூமே கையேடும் மாதிரிகளும் போட்டு வெச்சிருக்காங்க, யார் வேணா எடுத்துப் படிக்கலாம். பாத்தா ஏமாந்துதான் போவீங்க, ஒரு கலர் இருக்காது, ஒரு படம் இருக்காது, வெறும் கறுப்பு எழுத்து, ஒரே வரிசை. ஆனா ஒவ்வொரு வரியும் வினைச்சொல்லோட ஆரம்பிக்கும், செஞ்சது தெரியும். ரெண்டாவது, நமக்கு வேணும்ங்கிற வேலையில இப்ப இருக்கறவங்களோட லிங்க்ட்இன் பக்கம். ரொம்ப மேல இருக்கறவங்களைப் பாக்க வேண்டாம், நமக்கு ஒரு படி மேல இருக்கறவங்களைப் பாருங்க. அவங்க நம்ம வேலையை என்ன சொல்லால சொல்றாங்கன்னு தெரியும். நான் லோடு போடறதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்ததை அவங்க அவுட்பவுண்ட்னு எழுதியிருந்தாங்க, தேடறவங்களும் அந்த வார்த்தையைப் போட்டுத்தான் தேடறாங்க. மூணாவது அந்த வேலை விளம்பரமே. அதைவிட நல்ல உதாரணம் இல்ல. அதுல திரும்பத் திரும்ப வர்ற வார்த்தையை அடிக்கோடு போட்டு, அதுல நான் உண்மையா செஞ்சது எதுன்னு பக்கத்துல எழுதினேன். செய்யாததை எழுதல. வெள்ளை எழுத்துல வார்த்தைகளை ஒளிச்சு வெச்சா சாஃப்ட்வேர் பிடிக்கும்னு சிலர் சொல்வாங்க, நோட்பேட்ல ஒட்டினா அது அத்தனையும் வெளிய வந்துடும், ஆள் எடுக்கறவங்களுக்கும் தெரிஞ்சுடும். அந்த வேலையே வேண்டாம்.

விளம்பரம் கேக்கறதுக்கு ஏத்த மாதிரி எழுதறது புதுசில்ல. லியோனார்டோ டா வின்சி 1482 வாக்குல மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு வேலை கேட்டு எழுதின கடிதத்தோட வாசகம் இன்னைக்கும் இருக்கு. வரிசையா என்ன எழுதறார்னா, சுலபமா தூக்கிட்டுப் போற பாலம் கட்டுவேன், அகழி தண்ணியை வெளியேத்துவேன், சுரங்கம் தோண்டுவேன், பீரங்கி செய்வேன். சண்டை நேரத்துல அந்த ஆட்சியாளருக்கு என்ன தேவையோ அது. ஓவியமும் வரைவேன்ங்கிறது கிட்டத்தட்ட கடைசியிலதான் வருது. நமக்கு அவரை ஓவியராத்தான் தெரியும். இதைப் படிச்சப்புறம் என் ரெஸ்யூமேவுல மேல இருந்த நாலு வரியைத் தூக்கிக் கீழ போட்டேன்.

சரி, அந்த ஒரு வரி. அக்கா என்னை அன்னைக்கே எழுத வெச்சாங்க. முதல்ல நான் எழுதினது, ஸ்டாக் ரிப்போர்ட் முறையை மேம்படுத்தினேன். எவ்வளவுன்னு கேட்டாங்க. மூணு மணி நேரம் எடுத்தது நாப்பது நிமிஷமா குறைஞ்சுதுக்கா. அப்ப அதை எழுது. எப்படி பண்ணே? ரேக்குக்கு ஒரு ஷீட். அதையும் எழுது. எத்தனை ரேக்? 120. அதையும் போடு. கடைசியா வந்த வரி, "120 ரேக்குக்கும் தனித்தனி எக்செல் ஷீட் அமைச்சு, தினசரி ஸ்டாக் ஒத்துப்பாக்கற நேரத்தை 3 மணியில இருந்து 40 நிமிஷமா குறைச்சேன்." ஆங்கிலத்துல போட்டா ஒண்ணரை வரிதான். கூகுள்ல மனிதவளப் பிரிவுக்குத் தலைவரா இருந்த லாஸ்லோ பாக் இதுக்கு ஒரு சூத்திரம் மாதிரியே சொல்லியிருக்கார், எதை சாதிச்சோம், அதை எந்த அளவுல காட்டலாம், எதைச் செஞ்சு அது நடந்துச்சு, இந்த மூணும் ஒரே வரியில இருக்கணும்னு. பின்னால அதைப் படிச்சப்போ அக்கா என்கிட்ட கேட்ட அதே மூணு கேள்விதான்னு தோணுச்சு.

நம்ம வேலைக்கு எண்ணெல்லாம் இருக்காதுன்னு நினைக்காதீங்க. எத்தனை பேருக்கு, எத்தனை நாளுக்கு ஒரு தடவை, எவ்வளவு பெருசு, முன்னாடி எப்படி இருந்துச்சு பின்னாடி எப்படி ஆச்சு, இதுல ஏதாவது ஒண்ணு கிடைக்கும். நான் பழைய டைரி, போன்ல இருந்த குரூப் மெசேஜ், வண்டி லிஸ்ட்டை எடுத்த போட்டோக்கள் எல்லாத்தையும் ரெண்டு நாள் தோண்டினேன். ஞாபகம் சரியா வராத இடத்துல சுமார்னு போட்டேன், கண்டுபிடிக்க முடியாததை எண் இல்லாமலே விட்டேன். எண்ணே கிடைக்காத ஒரு வரி இருந்துச்சு, புதுசா வர்ற பசங்களுக்கு முதல் வாரம் நான்தான் கூட நின்னு சொல்லிக் குடுப்பேன். அதை அப்படியே எழுதினேன், நல்லாத்தான் இருந்துச்சு.

போட்டோ விஷயம் ஒண்ணு. எந்த நாட்டுல வேலை தேடறோமோ அந்த நாட்டு உதாரணத்தைத்தான் பாக்கணும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா பக்கம் போட்டோ, வயசு, கல்யாணம் ஆச்சா இதெல்லாம் போட மாட்டாங்க. ஜெர்மனியில 2006ல பாகுபாட்டுக்கு எதிரா சட்டம் வந்து போட்டோ கட்டாயம் இல்லைன்னு ஆனாலும் இன்னும் நிறையப் பேர் வைக்கிறாங்க. ஜப்பான்ல ரிரேகிஷோன்னு ஏறக்குறைய ஒரே அச்சுல இருக்கிற படிவம், போட்டோவுக்கு மூலையில தனிக் கட்டம். போட்டோ எதுக்கு வேண்டாம்னு சொல்றாங்கன்னு எனக்கு முதல்ல புரியல. பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் 2004ல வெளியிட்ட ஆராய்ச்சியைப் படிச்சப்புறம் புரிஞ்சுது. பாஸ்டன், சிகாகோவுல கிட்டத்தட்ட 5000 கற்பனை ரெஸ்யூமே அனுப்பியிருக்காங்க, ஒரே தரத்துல இருக்கறதுல பேரை மட்டும் மாத்தி. வெள்ளைக்காரப் பேர் மாதிரி ஒலிக்கிற பேர் போட்டதுக்கு, கறுப்பினத்தவர் பேர் மாதிரி ஒலிக்கிறதைவிட 50 சதவீதம் அதிகமா அழைப்பு வந்திருக்கு. வெறும் பேருக்கே இப்படின்னா முகத்தைப் பத்திக் கேக்கவே வேண்டாம். கேக்காத இடத்துல போட்டோவைக் குடுக்காதீங்க.

கடைசியா அனுப்பற முன்னாடி ஒரு விஷயம் மட்டும். என் பிடிஎஃப்பை ப்ரவுசர்ல திறந்தப்போ மேல டேப்ல என் பேர் வரல, அந்த டெம்ப்ளேட்டோட பேர் வந்துச்சு. ஃபைலுக்குப் பேர் மாத்தியும் உள்ள இருக்கிற டைட்டில்ல பழையது அப்படியே உக்காந்திருக்கு. வேர்டுல ஃபைல், இன்ஃபோ உள்ள போய் டைட்டிலையும் ஆத்தரையும் மாத்தினப்புறம்தான் சரியாச்சு. அதுல ஆத்தர்னு யாரோ ஒருத்தர் பேர் இருந்துச்சு, எழுபது பேருக்கு அந்தப் பேரோடதான் போயிருக்கு.

இப்ப என்கிட்ட இருக்கறது ரெண்டு ஃபைல். ஒண்ணு நாலு பக்கம், டிசைனே கிடையாது, நான் செஞ்ச எல்லாமே அதுல இருக்கு, யாருக்கும் அனுப்ப மாட்டேன். இன்னொண்ணு அதுல இருந்து விளம்பரத்துக்கு ஏத்த மாதிரி எடுத்து வெக்கிற ஒரு பக்கம், ஒரே வரிசை, காலிப்ரி 11. அதை பதினாலு இடத்துக்கு அனுப்பினேன், நாலு இடத்துல கூப்பிட்டாங்க. வேலை கிடைச்ச இடத்துல என் ரெஸ்யூமேவை பிரிண்ட் எடுத்து வெச்சிருந்தாங்க, அந்த நாப்பது நிமிஷம்ங்கிற இடத்துல பேனாவுல ஒரு வட்டம். "இதைக் கொஞ்சம் சொல்லுங்க"ன்னுதான் அந்த சார் ஆரம்பிச்சார்.

போன வாரம் கூட வேலை பாக்கறவரோட தம்பி போன் பண்ணான், படிப்பு இப்பத்தான் முடிச்சிருக்கான், அண்ணா நல்ல டெம்ப்ளேட் இருந்தா அனுப்புங்கன்னான். அனுப்பறேன்டா, முதல்ல நீ செஞ்சதுல ஆறு விஷயம் எழுதி அனுப்புன்னேன். நான் ஒண்ணுமே செய்யலையே அண்ணான்னான். நீ இல்லாம இருந்தா எது நடந்திருக்காதுன்னு யோசின்னு சொன்னேன். ரெண்டு நாள் கழிச்சு அஞ்சுதான் வந்துச்சு. மூணாவது வரி, காலேஜ் கருத்தரங்குக்கு வந்த 300 பேரோட ரெஜிஸ்ட்ரேஷன் லிஸ்ட்டை அவன் ஒருத்தனே பாத்திருக்கான், அதுல பேர் ரெண்டு தடவை பதிவானது 22 இருந்ததை முந்தின நாள் ராத்திரி உக்காந்து எடுத்திருக்கான். இன்னைக்கு சாயந்திரம் லேப்டாப்பை எடுத்துக்கிட்டு வரச் சொல்லியிருக்கேன், அந்த வரியை முதல்ல எழுதிட்டு அப்புறம் டெம்ப்ளேட் பாக்கலாம்னு இருக்கோம்.